பூச்சிப் பைத்தியம் பிழைப்பாகுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒட்டுண்ணிக் குளவிகளை ஆராய்கிறேன். எறும்பைவிடச் சின்னவை, பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கவனித்திராதவை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பத்து நிமிடம் கழித்துத் தனியாக வந்து, "என் பையனும் இப்படித்தான், எப்பப் பார்த்தாலும் பூச்சி..." என்று ஆரம்பிப்பார்கள். பெற்றோர், மாணவர்கள், வேறு வேலையில் இருந்துகொண்டு பூச்சிக்கு ஏங்குபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே.

என் மகளுக்கு எட்டு வயது. சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது ஊர்ந்துகொண்டிருக்கும். இது நிலைக்குமா, போகப் போகப் போய்விடுமா?

இப்போதே சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசரமும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் பூச்சியில் தொடங்கி டைனோசருக்கோ பந்துக்கோ போய்விடுவார்கள். சிலர் மட்டும் நகரவே மாட்டார்கள். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1660இல், தன் 13ஆம் வயதில், பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தானாகப் பிறக்கின்றன என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, அது தின்னும் செடியோடு சேர்த்து வரைந்தார். 1699இல், 52 வயதில், மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரினாம் போய், அங்கும் அதையே செய்தார்.

பெற்றோர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பார்த்ததும் அலறாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைவில்லை, ஒரு நோட்டு, அலமாரியில் ஒரு தட்டு, இவை போதும். அப்புறம் ஒன்று: அளவுக்கு மீறி உற்சாகப்படுத்தவும் வேண்டாம். பிள்ளையின் ஆசை அப்பா அம்மாவின் திட்டமாக மாறிவிட்டால், அங்கிருந்து ஓடிப்போவதற்குத்தான் பிள்ளை வழி தேடும். அப்படி ஓடிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூச்சியைப் பிடிக்கும் என்பதற்கும் பூச்சியை ஆராய்வதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு அது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தெரிந்தது. பத்து வயதில் முட்டைக்கோஸ் இலையிலிருந்து ஒரு பச்சைப் புழுவை எடுத்து வளர்த்தேன். வெள்ளைப் பட்டாம்பூச்சி வரும் என்று தினமும் இலை மாற்றிக் காத்திருந்தேன். ஒரு காலையில் பார்த்தால் புழுவின் பக்கத்தில் மஞ்சளாக, பஞ்சு சுற்றிய கம்பு மணி மாதிரி ஒரு குவியல். எண்ணினேன், 23 இருந்தன. புழு முட்டையிட்டிருக்கிறது என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புழு முட்டையிடாது என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு புழு செத்துச் சுருங்கிக் கிடந்தது. பாட்டிலுக்குள் சின்னச் சின்னக் கறுப்புக் குளவிகள் பறந்துகொண்டிருந்தன.

நடந்தது இதுதான். நான் எடுத்து வருவதற்கு முன்பே ஒரு தாய்க்குளவி அந்தப் புழுவின் உடலுக்குள் முட்டைகளைச் செலுத்தியிருந்தது. குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வளர்ந்து, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, மஞ்சள் நூலால் கூடு கட்டிக்கொண்டன. இதையெல்லாம் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது ஏமாற்றம், அழுகை. அடுத்த நாள் இன்னும் பத்துப் புழுக்களைக் கொண்டுவந்து பத்துப் பாட்டிலில் போட்டேன். எத்தனையில் குளவி வரும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. நான்கில் வந்தது. அந்த 'பத்தில் நான்கு'தான் என்னுடைய முதல் ஆய்வுத் தரவு.

மெரியனும் தான் வளர்த்த சில புழுக்களிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈயும் குளவியும் வந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். காரணம் அவருக்குப் புரியவில்லை. புரியாததை விட்டுவிடாமல் எழுதினார். பட்டாம்பூச்சிக்கு மட்டும் ஆசைப்படும் ஒருவர் அந்த இடத்தில் பாட்டிலைக் கழுவி வைத்துவிடுவார்.

கொல்லாமல் படிக்க முடியாதா?

சிறு பிள்ளை கொல்ல வேண்டிய தேவையே இல்லை. பார்க்கட்டும், வரையட்டும், படம் எடுக்கட்டும், மாலையில் பிடித்த இடத்திலேயே விட்டுவிடட்டும். ஜன்னலோரத்திலும் விளக்கடியிலும் தானாகச் செத்துக் கிடப்பவையே ஒரு பெட்டியை நிரப்பும்.

தொழிலாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒருநாள் கொல்ல வேண்டி வரும். பல வண்டுகளையும் ஈக்களையும் என்ன இனம் என்று சொல்ல, ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வடிவம் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தும்பி, பட்டாம்பூச்சி ஆகியவற்றின் நடத்தை, எண்ணிக்கை பற்றிய ஆய்வு என்றால் பெரிய அளவுக்குத் தப்பிக்கலாம். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. உறுத்தாதவர்களோடு சேர்ந்து வேலை செய்ய எனக்கு விருப்பம் இல்லை.

காப்புக்காடுகளிலும் பாதுகாக்கப்பட்ட இனங்கள் விஷயத்திலும் அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. செத்த பூச்சியாக இருந்தாலும் நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதித் தாள் வேண்டும்.

சேகரிப்பு எப்படித் தொடங்குவது?

எப்படிக் கெடுப்பது என்பதை முதலில் சொல்கிறேன். 12 வயதில் அட்டைப்பெட்டியில் எண்பது பூச்சிகளுக்கு மேல் குத்தி வைத்திருந்தேன். ஒரு விடுமுறை முழுக்கத் திறக்கவில்லை. திறந்தபோது ஊசிகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பழுப்பு மாவு. மாவுக்குள் மயிர் அடர்ந்த சின்னப் புழுக்கள் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. காய்ந்த உடல்களைத் தின்று வாழும் ஒரு வகை வண்டின் பிள்ளைகள். பெரிய அருங்காட்சியகங்களே இவற்றுக்குப் பயப்படும். இறுக்கமாக மூடும் பெட்டியும், புதிதாக வரும் எதையும் ஒரு வாரம் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் பழக்கமும் இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

இந்தக் கதையைக் கல்லூரியில் ஆசிரியரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "லேபிள் இருந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் வண்டு எதையும் தின்றுவிடவில்லை" என்றார்.

லேபிள் என்றால் ஊசியில் பூச்சிக்குக் கீழே செருகும், விரல் நகத்தளவு தடித்த தாள். எங்கே பிடித்தது (முடிந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையுடன்), என்றைக்கு, யார் பிடித்தது என்று அதில் இருக்கும். இது இல்லாத பூச்சி ஆய்வுக்கு உதவாது, அதைத்தான் ஆசிரியர் சொன்னார். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். 5.6 என்று எழுதினால் ஜூன் 5ஆ, மே 6ஆ என்று நூறு வருடம் கழித்துப் பார்ப்பவர் குழம்புவார், 5.vi என்றால் குழப்பமில்லை. எந்தச் செடியில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பது இரண்டாவது லேபிளில். பெயர் கடைசியில்தான், அதுவும் தனித் தாளில், ஏனென்றால் பெயர் மாறும், இடமும் தேதியும் மாறாது. சாராயத்தில் ஊறவைக்கும் பூச்சிகளுக்குப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை கரைந்து ஓடிவிடும்.

வண்டைக் குத்தும்போது ஊசி வலது இறக்கை மூடி வழியாகப் போக வேண்டும். நடுவில் குத்தினால் இரண்டு பக்கமும் ஒருசேரச் சிதைந்துவிடும். வலப்பக்கம் கெட்டாலும் இடப்பக்கம் முழுசாக இருக்கும், பூச்சி இருபுறமும் ஒன்றுபோல்தானே.

கணக்கு வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். ஒரு வயலில் வைத்த பத்துப் பொறிகளில் சராசரியாக 14 வண்டுகள், பக்கத்து வயலில் 9. வித்தியாசம் உண்மையா, தற்செயலா? இதற்குப் புள்ளியியல் இல்லாமல் பதில் கிடையாது. நுண்கணிதத்தில் நான் சுமார்தான், ஆனால் புள்ளியியலையும், அதற்கான 'ஆர்' என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சொந்தத் தரவு கையில் இருக்கும்போது கணக்கு அவ்வளவு கசக்காது. வேதியியலையும் ஒதுக்கிவிடாதீர்கள், பூச்சிகள் பேசுவது பெரும்பாலும் வாசனையில்.

பட்டப்படிப்பில் பூச்சியியல் என்றே எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. விலங்கியல், உயிரியல், வேளாண்மை, வனவியல் எதிலிருந்தும் வரலாம். முதுகலையிலோ முனைவர் பட்டத்திலோதான் பூச்சி தனிப்பாடமாகத் தலைதூக்கும். கல்லூரியின் பெயரைவிட, இளங்கலையிலேயே யாருடைய ஆய்வுக்கூடத்திலாவது நுழைந்து வேலை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். குப்பி கழுவுகிற வேலையாக இருந்தாலும் சரி. ஆய்வாளருக்கு எழுதும்போது "சிறுவயது முதலே பூச்சிகள்மீது தீராத காதல்" என்று தொடங்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை நான்கு வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

எந்தப் பூச்சியைத் தேர்ந்தெடுப்பது?

இதுவரை பெயர் வைக்கப்பட்டவை சுமார் 10 லட்சம் இனங்கள், அதில் 4 லட்சத்துக்கு அருகில் வண்டுகள் மட்டும். பெயர் வைக்கப்படாதவை அதைவிடப் பல மடங்கு என்றே மதிப்பிடுகிறார்கள். எல்லாரும் பட்டாம்பூச்சிப் பக்கம் போகிறார்கள், அழகுதான், ஆனால் நெரிசல். சின்னக் குளவிகள், சின்ன ஈக்கள் பக்கம் வந்தால் காலாற நடக்கலாம். அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் ஓ. வில்சன் 2003இல் பெருந்தலை எறும்புகளின் பேரினம் ஒன்றை எடுத்து அமெரிக்கக் கண்டங்களில் 624 இனங்களை விவரித்தார். அதில் 337 அறிவியலுக்கே புதியவை. எறும்பு ஒன்றும் காட்டின் மூலையில் ஒளிந்திருக்கும் ஜீவன் இல்லை.

வில்சன் எறும்புக்கு வந்த கதையும் இங்கே பொருந்தும். ஏழு வயதில் மீன் பிடிக்கும்போது மீனின் முள் குத்தி வலது கண் பார்வை போனது. பின்னால் உயர்ந்த சுருதிச் சத்தங்கள் கேட்பதும் குறைந்தது. தூரத்துப் பறவையும் தவளைக் குரலும் அவருக்குச் சரிப்படவில்லை. மிச்சமிருந்த கண் பக்கத்தில் இருப்பதை மிகக் கூர்மையாகப் பார்த்தது. எனவே விரலிடுக்கில் பிடித்துப் பார்க்கக்கூடிய உயிர்களிடம் வந்தார். 13 வயதில், 1942இல், அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்துக்கு அருகே வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய நெருப்பு எறும்புகளின் புற்றைக் கண்டுபிடித்தார். உங்கள் உடம்புக்கும் பொறுமைக்கும் எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள். வெயிலில் ஓட முடியாதவர்களுக்கு மைக்ரோஸ்கோப் இருக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள், வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் ஒரு முரண் உண்டு, அதை முதலிலேயே விழுங்கிக்கொள்ளுங்கள். பூச்சியை நேசித்து வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பூச்சியை ஒழிக்க நினைப்பவர்கள். பயிர்ப் பாதுகாப்பு, கொசு ஒழிப்பு, துறைமுகத் தடுப்புச் சோதனை, கிடங்குகளில் தானியப் பூச்சி, இங்கெல்லாம்தான் இடங்கள் அதிகம். அருங்காட்சியகத்தில் வகைப்பாட்டியல் வேலை, அதாவது இனங்களைப் பிரித்துப் பெயரிடும் வேலை என்பது ஒருவர் ஓய்வுபெற்றால் காலியாகும், சில நேரம் அதுவும் நிரப்பப்படாது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களில் ஊர் ஊராகச் சுற்றும் காலம் ஒன்று உண்டு. எனக்கு அது நீண்டது, குடும்பத்தில் எல்லாருக்கும் சிரமம்.

ஆனால் ஒழிப்பு வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பூச்சியை நன்றாக அறிந்தவர்களால்தான் அதைப் புத்தியோடு கட்டுப்படுத்த முடியும். கால்நடைகளின் காயத்தில் முட்டையிட்டு உயிரோடு தின்னும் திருகுப்புழு ஈயைப் பார்த்துக்கொண்டே இருந்த அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்லிங், பெண் ஈ பொதுவாக ஒரே ஒரு முறைதான் இணைசேர்கிறது என்பதைக் கவனித்தார். அப்படியானால் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கூட்டம் கூட்டமாக விட்டால்? 1954இல் கரீபியன் கடலின் குராசோ தீவில் விட்டார்கள். தீவில் அந்த ஈ அற்றுப்போனது. அவருக்கும் கூட்டாளி ரேமண்ட் புஷ்லேண்டுக்கும் 1992இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

எனக்கு மிகப் பிடித்தது மரவள்ளி மாவுப்பூச்சிக் கதை. 1970களில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்து, கோடிக்கணக்கானோர் தின்று வாழும் மரவள்ளியைச் சூறையாடியது. அதன் சொந்த ஊரில் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிரியைத் தேடிப் போனார்கள். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மாவுப்பூச்சி கிடைத்தது, எதிரிகளும் கிடைத்தன, ஆனால் அவை வேலைக்கு ஆகவில்லை. நுணுகிப் பார்த்தால் அது வேறு இனம், பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோல். சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் அகப்பட்டது, கூடவே அதன் ஒட்டுண்ணிக் குளவியும். அந்தக் குளவியைக் கொண்டுபோய் விட்ட பிறகு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் மாவுப்பூச்சி அடங்கியது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு. இரண்டு மாவுப்பூச்சிகளும் வேறு வேறு என்று சொன்னது மைக்ரோஸ்கோப்பில் கண் வலிக்கப் பார்த்த யாரோ ஒருவரின் வேலைதான்.

தடயவியலும் உண்டு, ஆனால் தொலைக்காட்சியில் காட்டுமளவுக்கு வேலைவாய்ப்பு இல்லை. 1247இலேயே சீனாவின் நீதி அதிகாரி சோங் சி ஒரு கொலை விசாரணையை எழுதி வைத்திருக்கிறார்: ஊராரின் அரிவாள்களையெல்லாம் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னபோது ஈக்கள் ஒன்றை மட்டும் மொய்த்தன, கழுவியும் ரத்த வாடை போகாத அரிவாள்.

ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?

வலையோடு புல்வெளியில் ஓடுவது வருடத்தில் சில வாரம். மிச்ச நாட்கள் மேசையில். கூடாரம் போன்ற துணிப்பொறி ஒன்று உண்டு. ரெனே மலேஸ் என்ற சுவீடன்காரர் தன் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேல்மூலையில் போய்க் குவிவதைக் கவனித்து, 1930களில் உருவாக்கியது. பூச்சி துணியில் முட்டி மேலே ஏறும், உச்சியில் சாராயக் குப்பி காத்திருக்கும். ஒரு வாரக் குப்பியைத் தட்டில் கொட்டினால் ஆயிரக்கணக்கில் ஈர இறக்கைகளும் கால்களும் பின்னிக் கிடக்கும். ஈயை ஈயோடு, வண்டை வண்டோடு என்று இடுக்கியால் பிரிக்க வேண்டும். முதல் மணி நேரம் அதிசயம், மூன்றாவது மணி நேரம் கழுத்துவலி. நாலாவது மணி நேரத்தில் நான் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்று தட்டின் ஓரத்தில் கிடக்கும், அன்றைக்கு வீட்டுக்குப் போகத் தாமதமாகும்.

அதற்கு மேல் நிதி விண்ணப்பம், ஆய்விதழ்களிலிருந்து வரும் நிராகரிப்பு, மாணவர்களின் வரைவுகளைத் திருத்துவது. இதை யாரும் சிறுவயதில் கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு வயது 37, கணக்கர் வேலை. காலம் கடந்துவிட்டதா?

சம்பள வேலையாக மாற்றுவது கடினம். அறிவியல் செய்வதற்குக் காலம் கடக்கவில்லை. சார்லஸ் ஹென்றி டர்னர் 1907இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர். செயின்ட் லூயிஸில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவே இருந்தார், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் கிடையாது. வண்ண வட்டங்களில் தேன் தடவி வைத்து, தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்று 1910இல் காட்டினார். எழுபதுக்கு மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று 2017இல் வந்தது. ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 75 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்ற ஆய்வு உலகையே உலுக்கியது. தரவைச் சேர்த்தது கிரெஃபெல்ட் நகரப் பூச்சி ஆர்வலர் சங்கம். மேலே சொன்ன அதே கூடாரப் பொறி, ஒரே மாதிரி துணி, ஒரே மாதிரி அளவு, எடை போட்டுத் தேதியோடு எழுதி வைத்தார்கள். கணக்கு எழுதிப் பழகிய கை உங்களுடையது, இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தம். பார்த்த உயிர்களின் படங்களை யாரும் பதிவேற்றக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் தொடங்குங்கள், அப்புறம் ஒரே இடத்தை ஒரே முறையில் வருடக்கணக்கில் பாருங்கள்.

எனக்குக் கரப்பான் என்றால் பயம். நான் பூச்சியியல் படிக்கலாமா?

தாராளமாக. தரையில் ஊரும் கரப்பானை நான் வெறும் கையால் பிடிப்பேன். பறக்க ஆரம்பித்தால் அறையை விட்டுப் போய்விடுவேன்.